நூறு ரூபாய் சென்சார் குடோனைக் காக்குமா?

"ஆள் உள்ளே வந்தால் தானாக விளக்கு எரியும், மணி அடிக்கும்" என்று சொல்லி, வெள்ளை மூடி போட்ட ஒரு சின்னஞ்சிறு சர்க்யூட் பலகையைப் பிள்ளைகள் கடைக்குக் கொண்டுவருவது இப்போது சகஜமாகிவிட்டது. பாலிடெக்னிக்கில் படிக்கும் மகனோ, பள்ளிக் கண்காட்சிக்கு மாதிரி செய்த மகளோ, சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வந்த மைத்துனரோ, யாராவது ஒருவர் அதைக் குடோன் சுவரில் மாட்டிவிடுகிறார். ஒரு வாரம் வேடிக்கையாக இருக்கும். பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். முதலாளி அதை முழுதாக நம்பி, இரவில் படுக்க வரும் ஆளை நிறுத்திவிடுவார். அல்லது ஒரு நாள் அது பேசாமல் இருந்துவிட, "எல்லாம் ஏமாற்று வேலை" என்று கழற்றிக் குப்பையில் போடுவார்.

இரண்டும் தவறு. எந்த வேலைக்கு எந்த ஆளை வைப்பது என்பதை நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டை தூக்குபவரைக் கல்லாவில் உட்கார வைப்பதில்லை. கணக்கப்பிள்ளையை லாரியில் ஏற்றி அனுப்புவதில்லை. இந்தச் சென்சாரும் அப்படித்தான். அதன் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்று அறிந்துகொண்டால், காசுக்கு மேல் உழைக்கும். அறியாமல் மாட்டினால், வேண்டாதபோது கத்தும், வேண்டும்போது தூங்கும்.

பெரும்பாலும் நம் கைக்கு வருவது எச்.சி.–எஸ்.ஆர்.501 என்ற பெயருள்ள பலகை. நூறு ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கும் காசுக்குள் அடங்கிவிடும். மேலே அரைக்கோள வடிவில் பால் நிறப் பிளாஸ்டிக் மூடி. அதைக் கையால் மெல்ல இழுத்தால் கழன்று வரும். உள்ளே சட்டைப் பொத்தான் அளவுள்ள ஓர் உலோகக் குப்பி, அதன் தலையில் கறுப்பாக ஒரு சிறு ஜன்னல். அந்த ஜன்னல்தான் கண். அதில் விரல் வைக்காதீர்கள். எண்ணெய் மளிகைக்காரர் விரலாயிருந்தால் கண்டிப்பாக வைக்காதீர்கள். பலகையின் பின்பக்கம் மூன்று கம்பிகளுக்கான ஊசிகள், இரண்டு சிறு திருகுகள், ஒரு ஜம்பர். இவ்வளவுதான் முழுச் சரக்கும்.

இந்தக் கண் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. எந்தக் கதிரையும் தானாக வெளியே அனுப்புவதும் இல்லை. நம் உடம்பிலிருந்து எந்நேரமும் சூடு அகச்சிவப்புக் கதிராக வெளியேறிக் கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. உடம்புச் சூட்டின் கதிர் ஒன்பது, பத்து மைக்ரான் அளவில் இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர், கண்ணாடிப் பட்டகத்தால் வெயிலைப் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால் ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அங்கும் சூடு ஏறியது. அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டதே இந்தக் கதிர். நம் சென்சார் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கும் வெறும் பார்வையாளர். இருட்டு, பகல் என்ற பேதம் அதற்குக் கிடையாது.

இதன் பூர்வீகக் கதையில் வியாபாரிகளுக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வியாபாரிகள் இலங்கையிலிருந்து நிறநிறமான கற்களைக் கப்பலேற்றி ஹாலந்துக்குக் கொண்டுபோனார்கள். அவற்றில் ஒரு வகைக் கல்லை நெருப்பில் காட்டினால், அது சாம்பலைத் தன்பால் இழுத்துக்கொண்டது. 'சாம்பல் இழுக்கும் கல்' என்றே அதற்கு டச்சு மொழியில் பெயர் வைத்தார்கள். உலகம் இன்று டூர்மலின் என்று அழைக்கும் அந்தக் கல்லின் பெயர் சிங்களச் சொல்லிலிருந்து போனது. சூடு மாறும்போது அந்தக் கல்லின் இரு முனைகளிலும் மின்சாரம் தோன்றுகிறது. அதனால்தான் சாம்பல் ஒட்டுகிறது என்று பின்னர் தெரிந்தது. 1824-இல் டேவிட் புரூஸ்டர் இந்தக் குணத்துக்கு ஒரு தனிப் பெயரே சூட்டினார். நம் பலகையின் குப்பிக்குள் இருப்பதும் அதே குணமுள்ள பொருள்தான். கல்லுக்குப் பதில் ஆலையில் செய்த பீங்கான் வகைத் துண்டு. 'சூடு மாறும்போது' என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சூடு மாறாமல் அப்படியே இருந்தால் அந்தத் துண்டு ஒன்றும் சொல்லாது. இந்தச் சென்சாரின் குணம், குறை எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது.

மேலே உள்ள வெள்ளை மூடிக்கும் ஒரு கதை உண்டு, அது நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது. மூடியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தால் வரிவரியாகப் பள்ளங்கள் தட்டுப்படும். அதற்கு ஃபிரெனெல் லென்ஸ் என்று பெயர். ஒகுஸ்தேன் ஃபிரெனெல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், கனமான கண்ணாடி லென்ஸை வளையம் வளையமாக வெட்டி மெலிதாக்கும் வழியைக் கலங்கரை விளக்கங்களுக்காகச் செய்தார். 1823-இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது முதன்முதலாக எரிந்தது. போர்தோ துறைமுகத்துக்குப் போகும் ஆற்று முகத்தில் நிற்கும் விளக்கம் அது. நம் புதுச்சேரியில் நெய்து நீலச்சாயம் தோய்த்த கினித் துணி, போர்தோ வியாபாரிகளின் கைவழியாகச் செனகலுக்குப் போய், அங்கே பிசின் வாங்கப் பணம்போலவே செல்லுபடியான காலம் அது. நம் முன்னோர் மடித்துக் கட்டிய மூட்டைகளை ஏற்றிய கப்பல்களுக்கு அந்த லென்ஸ் வழிகாட்டியிருக்கிறது. நம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே நிற்கும் பழைய கலங்கரை விளக்கமோ 1836-இல் ஏற்றப்பட்டு, 1979-இல் புதிய விளக்கம் வரும்வரை வேலை செய்தது. விளக்கின் ஒளியைக் கூட்டி வெளியே அனுப்பிய அதே தத்துவம், இன்று குடோன் சுவரில் தலைகீழாக வேலை செய்கிறது. வெளியிலிருந்து வரும் உடம்புச் சூட்டைக் கூட்டி உள்ளே அனுப்புகிறது.

அந்த மூடி கண்ணாடியாக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருப்பதற்கும் காரணம் உண்டு. உடம்புச் சூட்டின் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. பாலிதீனைத் தாண்டும். பால் பாக்கெட் எந்த இனத்துப் பிளாஸ்டிக்கோ அதே இனத்தால்தான் மூடியையும் செய்கிறார்கள். வீட்டிலேயே சோதிக்கலாம். சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்து, அதற்கு அப்பால் கையை ஆட்டுங்கள், பேசாது. கழுவி உலர்த்திய பால் பாக்கெட்டைப் பிடித்து ஆட்டுங்கள், பேசும். ஆகவே கண்ணாடிக் கதவுக்கு உட்புறம் மாட்டி, வெளியே ரோட்டில் வருபவரைப் பார்க்கலாம் என்று எண்ணினால் அது நடக்காது. அதே காரணத்தால் ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் வீண்.

குப்பிக்குள் உணர்துண்டு ஒன்றல்ல, இரண்டு, பக்கம் பக்கமாக இருக்கும். இரண்டிலும் ஒரே நேரத்தில் சூடு ஏறினால் ஒன்றையொன்று கழித்துவிடும். காலை வெயிலில் குடோன் முழுவதும் மெல்லச் சூடாவதைச் சென்சார் பொருட்படுத்தாதது இதனால்தான். முதலில் ஒரு துண்டிலும் அடுத்து மற்றதிலும் சூடு விழுந்தால்தான் 'யாரோ நகர்கிறார்' என்று முடிவு கட்டும். வெள்ளை மூடியின் கட்டங்கள் அறையைப் பல விசிறி மடிப்புகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஒருவர் குறுக்கே நடந்தால் மடிப்பு மடிப்பாகத் தாண்டுவார். சென்சாருக்குப் பளிச்சென்று தெரியும். நேராகச் சென்சாரை நோக்கியே நடந்து வந்தால் ஒரே மடிப்புக்குள் வெகுதூரம் வந்துவிடலாம், அவ்வளவாகத் தெரியாது. நம்மவர் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், வாசலைப் பார்த்தபடி நேர் எதிர்ச் சுவரில்தான் மாட்டுகிறோம். வாசலுக்குப் பக்கச் சுவரில், வருபவர் குறுக்கே போகும்படி மாட்டினால் பாதிக் குறை தீர்ந்துவிடும். நம் ஊரின் பழைய கடைகள் முன்பக்கம் குறுகலாகவும் பின்னால் நீண்டும் இருப்பவை. அவற்றுக்கு இது இன்னும் பொருந்தும்.

இனி நம் ஊர் வெயிலுக்கு வருவோம். இதைப் பற்றிப் பெட்டிமேல் அச்சிட்ட காகிதத்தில் ஒன்றும் இருக்காது. ஆனால் புதுச்சேரிக்காரருக்கு முக்கியமான செய்தி இதுவே.

சென்சார் பார்ப்பது ஆளின் சூட்டுக்கும் அவருக்குப் பின்னால் உள்ள சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. மனிதத் தோலின் மேற்பரப்பு 33, 34 டிகிரி இருக்கும். மார்கழியில் குடோன் சுவர் 24, 25 டிகிரியில் இருக்கும்போது, ஆள் இருட்டில் அகல்விளக்குப்போலத் தெரிவார். மே மாதத்தில் நிழலிலேயே 37, 38 டிகிரி அடிக்கிறது. தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் அதற்கு மேல். பகலெல்லாம் சூட்டைக் குடித்த சுவர், பொழுது சாய்ந்து மெல்ல ஆறும்போது, சரியாக 33, 34 டிகிரியைக் கடக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தில் சுவரும் மனிதரும் அதற்கு ஒன்றே. வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நிற்பதுபோல. சுவர் உடம்பைவிட நன்றாகச் சூடாக இருந்தாலும் ஓரளவு தெரிந்துவிடும், வித்தியாசம்தானே வேண்டும்? இரண்டும் சமமாகும் அந்த இடைவேளைதான் ஆபத்து.

என் சொந்தக் குடோனில் இதை அனுபவித்தேன். தை மாதம் மாட்டியது; ஏழு மீட்டர் தூரத்திலிருந்தே விளக்கைப் போட்டது. அக்கினி நட்சத்திரம் வந்தது. ஒரு நாள் மாலை ஏழு மணி இருக்கும், அரிசி மூட்டை எடுக்கப் போன எங்கள் கடை ஆள் இருட்டில் தடுமாறி எண்ணெய் டின்மீது முழங்காலை இடித்துக்கொண்டு திரும்பி வந்தார். "முதலாளி, அந்தக் கண்ணுக்குப் புரை விழுந்துபோச்சு" என்றார். நானும் பலகை கெட்டுவிட்டது என்றே எண்ணி, புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். அதற்கும் அதே புரை. ஐப்பசியில் மழை விழுந்ததும் இரண்டுமே நன்றாக வேலை செய்தன! பழையதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் தப்பித்தேன். இப்போது அந்தக் குடோனில் சென்சாரோடு சாதாரண சுவிட்ச் ஒன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. கண் தூங்கினால் கை போடும். வெயில் காலத்துக்கு ஏழு மீட்டரைக் கணக்கில் வைக்காமல், மூன்று நான்கு மீட்டருக்கு ஒன்றாக மாட்டுவதும் நல்லது.

சரி, இதை எந்த வேலைக்கு வைக்கலாம்? முதலில் விளக்கு. மின்சாரச் சிக்கனம் என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். குடோனில் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றுதான் இருக்கிறது என்றால், தினம் 10 மணி நேரம் எரிந்தாலும் மாதம் மூன்று யூனிட்கூட ஆகாது. அதை மிச்சப்படுத்த எதையும் மாட்ட வேண்டாம். நான்கு 20 வாட் எல்.இ.டி. டியூப் இருந்தால் 80 வாட். 10 மணி நேரத்துக்கு 0.8 யூனிட், மாதம் 26 வேலை நாளுக்கு ஏறக்குறைய 21 யூனிட். ஆள் உள்ளே இருக்கும் நேரம் கூட்டினால் தினம் ஒரு மணி நேரம்தான் தேறும் என்றால், 2 யூனிட்டில் முடிந்துவிடும். மிச்சம் 19 யூனிட். உங்கள் பில்லில் உள்ள விகிதத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். பெரிய தொகை அல்ல, ஆனால் சில மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். எனக்குக் கேட்டால் பெரிய லாபம் வேறு. இரண்டு கையிலும் சாமான் வைத்துக்கொண்டு வருபவர் சுவிட்சைத் தேட வேண்டாம். மாடிப்படியில் இருட்டில் கால் தவற வேண்டாம்.

விளக்கில் ஒரு தொல்லை உண்டு. ஆள் அசையாமல் உட்கார்ந்தால் விளக்கு அணைந்துவிடும். பேரேட்டில் மூழ்கியிருக்கும் கணக்கப்பிள்ளையின் தலைக்கு மேல் இதை மாட்டினால், ஐந்து நிமிடத்துக்கொருமுறை அவர் கையைத் தூக்கி ஆட்ட வேண்டியிருக்கும். வழிப்பாதைக்கும் சரக்கு அடுக்கும் இடத்துக்கும்தான் இது ஏற்றது.

இரண்டாவது, வாசல் மணி. கடையில் ஒருவரே இருந்து, பின்னால் சரக்கு எடுக்கப் போகும் சிறு மளிகைக்காரருக்கு இதைவிட உபகாரமான பொருள் இல்லை. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கடை சாத்தும் நம்மூர் வழக்கத்தை விட்டுவிட்டு, அந்த நேரத்திலும் பாதி ஷட்டர் திறந்து வைத்திருப்பவர்கள் இப்போது உண்டு. அவர்கள் உள்ளே நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆனால் இதைக் கொண்டு 'இன்று எத்தனை வாடிக்கையாளர் வந்தார்' என்று எண்ண நினைக்க வேண்டாம். ஒருமுறை மணி அடித்து ஓய்ந்ததும் இரண்டு மூன்று வினாடி அது எதையும் பார்க்காது. அதற்குள் ஒரு குடும்பமே உள்ளே வந்துவிடும்.

மணி செய்வது மிக எளிது. 230 வோல்ட் பக்கமே போகாமல் செய்துவிடலாம் என்பதால், பிள்ளைகள் கையால் செய்யப் பழக இதுவே நல்ல தொடக்கம். நல்ல தரமான 12 வோல்ட் அடாப்டர் ஒன்று, 12 வோல்ட் பஸ்ஸர் ஒன்று, பி.சி.547 டிரான்சிஸ்டர் ஒன்று, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. பலகையின் மூன்று ஊசிகளில் இரண்டு மின்சாரத்துக்கு, நடுவில் உள்ளது செய்தி சொல்வதற்கு. மூடியைக் கழற்றிப் பார்த்தால் எது பிளஸ், எது மைனஸ் என்று அச்சிட்டிருக்கும், யூகத்தில் கொடுக்காதீர்கள். இந்தப் பலகை 5 முதல் 20 வோல்ட் வரை தாங்கும் என்பதால் 12 வோல்ட்டை நேராகக் கொடுக்கலாம். ஆளைக் கண்டதும் நடு ஊசியில் 3.3 வோல்ட் வரும். அது பஸ்ஸரை நேரடியாக ஓட்டும் வலுவுள்ளது அல்ல. எனவே ரெசிஸ்டர் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்குக் கொடுத்து, எமிட்டரை மைனஸில் இணைத்து, பஸ்ஸரை 12 வோல்ட் பிளஸ்ஸுக்கும் கலெக்டருக்கும் நடுவில் போட வேண்டும். சிறு சமிக்ஞை பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடுகிறது. கணக்கப்பிள்ளை சீட்டு எழுதிக் கொடுக்க, குடோன் ஆள் மூட்டையை இறக்குவதுபோல.

மின்சாரம் கொடுத்ததும் உடனே சோதிக்கத் தொடங்கிவிடாதீர்கள். முதல் ஒரு நிமிடம் அது அறையின் சூட்டைப் பழகிக்கொள்ளும். அதுவரை தன்னிச்சையாக இரண்டு மூன்று முறை அடிக்கும். பலர் இந்த ஒரு நிமிடத்தைப் பார்த்துவிட்டே 'சரக்கு மோசம்' என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். திருகுகளில் ஒன்று தூரம், மூன்று மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை. மற்றது நேரம், சில வினாடியிலிருந்து ஐந்து நிமிடம் வரை. மணிக்கு நேரத்தை மிகக் குறைவாக வையுங்கள். ஜம்பருக்கு இரண்டு நிலை. 'எச்' நிலையில், ஆள் அசைந்துகொண்டிருக்கும்வரை நேரம் நீண்டுகொண்டே போகும், விளக்குக்கு இதுதான். 'எல்' நிலையில், நடுவில் எத்தனை முறை அசைந்தாலும் குறித்த நேரத்தில் ஓய்ந்துவிடும், மணிக்கு இது.

விளக்குக்கு வரும்போது 230 வோல்ட் வந்துவிடுகிறது. அங்கே பொழுதுபோக்கு நின்றுவிட வேண்டும். சென்சாரிலிருந்து ரிலே வரை பிள்ளை செய்யட்டும். ரிலேயின் மறுபக்கம் உள்ள ஃபேஸ் கம்பியை உரிமம் பெற்ற வயர்மேன்தான் தொட வேண்டும். திறந்த ரிலே பலகையைச் சாக்கு மூட்டைக்கு நடுவில் தொங்கவிட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பொறி போதும்; சணல் சாக்கும் அட்டைப் பெட்டியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ரிலேயின்மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். எல்.இ.டி. விளக்குகள் எரியத் தொடங்கும் கணத்தில் ஒரு பெரிய மிடறு மின்சாரம் இழுக்கும். ரிலேயின் உள்தொடுப்பு அதில் ஒட்டிக்கொண்டு, பிறகு விளக்கு அணையவே அணையாது. ஒரு ரிலேக்கு இரண்டு மூன்று விளக்குக்கு மேல் வேண்டாம். இந்தச் சிரமமெல்லாம் வேண்டாம் என்பவருக்கு எலக்ட்ரிக்கல் கடைகளில் சென்சார் பொருத்திய ஹோல்டரும் சுவிட்சும் தயாராகவே கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் மூடிய உறையோடு வரும். குடோன் விளக்குக்கு நான் சிபாரிசு செய்வது அதையே.

மூன்றாவது, திருட்டு அலாரம். இதற்காகத்தான் நம்மில் பெரும்பாலோர் இதை வாங்குகிறோம். இங்கேதான் மிக அதிகமாக ஏமாறுகிறோம்.

குடோனில் இரவில் நடமாடுவது திருடன் மட்டுமல்ல. பூனைக்கும் பெருச்சாளிக்கும் உடம்பில் சூடு உண்டு. இரண்டும் அலாரத்தை அடித்துவிடும். பல்லி குளிர்ந்த பிராணி, அறையின் சூடே அதற்கும். தூரத்தில் ஓடினால் தெரியாது, ஆனால் மூடியின் மேலேயே ஏறினால் அடித்துவிடும். குளிர்பதனப் பெட்டியின் பின்புறச் சூடு, ஓடும் மின்விசிறி தள்ளும் வெப்பக் காற்று, ஷட்டர் இடுக்கு வழியாக விழுந்து நகரும் காலை வெயில் எல்லாமே ஆள்போலத் தெரியும். வைஃபை கருவியையோ செல்போனையோ பலகைக்கு மிக அருகில் வைத்தாலும் காரணமில்லாமல் அடிக்கும். இப்படி வாரம் நான்கு முறை பொய்யாக அடித்த அலாரத்தை ஐந்தாவது முறை பக்கத்து வீட்டார் பொருட்படுத்த மாட்டார்கள். அதற்குப் பிறகு அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். மறுபுறம், கோடையில் அந்தி நேரத்துப் புரை இருக்கவே இருக்கிறது.

ஷட்டருக்கும் கதவுக்கும் இதைவிட நம்பகமான காவலாள் உண்டு. காந்தத் தொடுப்பு என்று கேட்டால் தருவார்கள். ரீட் சுவிட்ச் என்பது அதன் பெயர். கதவில் ஒரு காந்தத் துண்டு, நிலையில் ஒரு கண்ணாடிக் குழல் சுவிட்ச். கதவு திறந்து காந்தம் விலகினால் சுற்று மாறி அலாரம் அடிக்கும். இதற்கு வெயிலும் தெரியாது, பூனையும் தெரியாது. ஷட்டருக்கென்றே உலோக உறையில் கனமாகச் செய்தவை வருகின்றன. கதவுக்குக் காந்தம், உள்ளே வழிப்பாதைக்கு வெப்பச் சென்சார் என்று இரண்டும் சேர்ந்தால் ஓரளவு நம்பலாம். கூரை ஓட்டைப் பிரித்து இறங்குபவனைக் காந்தம் பார்க்காது, சென்சார் பார்க்கும். கடப்பாரையால் ஷட்டரை நெம்புபவனை அவன் உள்ளே வருவதற்கு முன்பே காந்தம் காட்டிக்கொடுக்கும்.

கரன்ட் போனால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே யோசிக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் ஊருக்கும் கடலூருக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது, மின்சாரம் திரும்ப எத்தனை நாள் காத்திருந்தோம் என்பது வயது வந்த எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்தபோதும் தெருக்கள் நீரில் நின்றன, ஊர் இருண்டது. கடையை விட்டு நாம் வீட்டில் முடங்கிக் கிடக்கும் இரவுகள் அவை. அந்த இரவில் வேலை செய்யாத அலாரம் எதற்கு? 12 வோல்ட் சீல்டு பேட்டரி ஒன்றும் அதற்கேற்ற சார்ஜரும் அவசியம். சென்சார் குடிக்கும் மின்சாரம் அற்பமானது, ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பேட்டரியைத் தின்பது சைரன்தான். பேட்டரியைத் தரையில் வைக்காமல், வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இவ்வளவு செய்தாலும் பூட்டுக்கும் நல்ல ஷட்டருக்கும் இது ஈடாகாது. கடைக்குத் திருட்டுக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் பாலிசியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். உடைத்து நுழைந்த தடயம் இருந்தால்தான் இழப்பீடு என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அலாரம் இருக்கிறதே என்று பூட்டில் அசட்டையாக இருந்துவிட்டால், அங்கேயும் பேச்சுக்கு இடமிராது.

கடைசியாகக் கடற்காற்று. உப்புக் காற்று மூன்றே ஆண்டில் இரும்பு ஆணியைத் தின்னும் ஊர் நம்முடையது. செம்பு வழித்தடம் எம்மாத்திரம்? சால்டர் செய்த இடங்களின்மேல் மெல்லிதாக வார்னிஷ் பூசிவிட்டால் ஆயுள் கூடும். வீட்டில் இருக்கும் நகப்பூச்சுகூடப் போதும். ஆனால் வெள்ளை மூடியின்மேலோ, உள்ளே உள்ள கறுப்பு ஜன்னலின்மேலோ ஒரு துளியும் படக்கூடாது. மிளகாய்த்தூளும் மாவும் பறக்கும் குடோனில் மூடியின்மேல் படலம் படிந்துவிடும். மாதம் ஒருமுறை உலர்ந்த மென்துணியால் துடைத்துவிடுங்கள். சிலந்தி வலை கட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

மாட்டி முடித்த அன்றே ஒருமுறை, சித்திரையில் ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு ஒருமுறை, மார்கழியில் விடியற்காலை ஒருமுறை, நீங்களே உள்ளே குறுக்கும் நெடுக்கும் நடந்து பாருங்கள். எந்த மூலையில் அது உங்களைக் கவனிக்கவில்லையோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்த சென்சாரை மாட்ட வேண்டிய இடம் அதுதான்.